எம்.ஏ. இலக்கியம்: சேரலாமா, எங்கே சேரலாம்?



கல்லூரித் தேர்வு முடிவுகள் வரும் நாட்கள் நெருங்கிவிட்டன. பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம், பி.ஏ. அரபி முடிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய அத்தா அம்மாவும் ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மேலே எம்.ஏ. படிக்க வைக்கலாமா? வைத்தால் எங்கே சேர்ப்பது?"

சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் இதே பேச்சு வந்தது. நர்சிங், பார்மசி, பொறியியல் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கும் கல்வி உதவியை இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கும் கொடுக்கலாமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்கள். அது ஜமாஅத்தின் பணம், கேட்கத்தான் வேண்டும். அன்று அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அங்கே பேசியதையும் அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

விசைத்தறியிலும் ஜவுளிக் கடையிலும் வளைகுடாவிலும் உழைத்து வரும் வருமானத்தில் ஒரு பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் படிக்க வைப்பது லேசான காரியமல்ல. அதற்காக, "இலக்கியம் படித்து என்ன செய்ய?" என்று ஒரே பேச்சில் கதவைச் சாத்திவிடுவதும் சரியில்லை. எழுத்தும் ஓதலும் நம் மார்க்கத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவு எதுவானாலும் விவரம் தெரிந்து எடுப்போம்.

எம்.ஏ. என்பது பாதி வழி

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் தனியாக நின்று வேலை வாங்கித் தருவது அரிது. அதோடு இன்னொன்று சேர வேண்டும். பள்ளி வேலைக்கு பி.எட்., கல்லூரி வேலைக்கு நெட் அல்லது செட் தேர்வு, மொழிபெயர்ப்புக்கு இரண்டாவது மொழியில் நல்ல புலமை. அந்த இன்னொன்று எது என்று சேர்வதற்கு முன்பே தீர்மானித்த பிள்ளைக்கு எம்.ஏ. பயன்படுகிறது. "முதலில் படிக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று சேர்த்த வீடுகளில்தான் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளி ஆசிரியர் வேலை

அரசு மேல்நிலைப் பள்ளியில் 11, 12ஆம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர் முதுகலை ஆசிரியர். அதற்கு அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. போட்டித் தேர்வு வைத்து எடுக்கிறது. சம்பள விகிதம் 36,900 முதல் 1,16,600 ரூபாய் வரை. நல்ல வேலைதான். ஆனால் தேர்வு ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும் என்று சொல்ல முடியாது, போட்டியும் கடுமை.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பி.எட். இப்போது இரண்டு வருடப் படிப்பு. எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு என்று மொத்தம் நான்கு வருடம். குடும்பம் அவ்வளவு காலம் தாங்குமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் வரிசையை மாற்றலாம். பி.ஏ. முடித்ததும் பி.எட். முடித்துவிட்டால், ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் எழுதிப் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குத் தகுதி பெறலாம். தனியார் பள்ளியில் வேலைக்கும் போகலாம். எம்.ஏ.வை வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். கையில் சம்பளம் வந்த பிறகு படிக்கிற எம்.ஏ. யாருக்கும் பாரமாக இருக்காது.

இரண்டு, பி.காம். அல்லது வேறு பாடத்தில் பட்டம் பெற்றுவிட்டு எம்.ஏ. தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறுகிறவர்கள் உண்டு. இதைக் 'கிராஸ் மேஜர்' என்பார்கள். ஆசிரியர் நியமனத்தில் இது சிக்கலாகலாம். டி.ஆர்.பி.யின் முந்தைய அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்த பிறகே சேர வேண்டும்.

மூன்று, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை உண்டு. 2010ல் வந்த சட்டம் இது. பின்னர் செய்த திருத்தத்தின்படி பட்டம் மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தத் தகுதி இருக்கிறது, அவர்களுக்கே அது தெரிவதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழிச் சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, 2007 முதல் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியர் வேலை

உதவிப் பேராசிரியர் வேலைக்கு எம்.ஏ.வில் பொதுப் பிரிவுக்கு 55 சதவீத மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். நெட் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. தமிழ், ஆங்கிலம், அரபி, உருது எல்லாப் பாடத்திலும் எழுதலாம். எம்.ஏ. இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். ஓபிசி பிரிவினருக்கு 50 சதவீத மதிப்பெண் போதும். ஆனால் நம் கையில் இருக்கும் பி.சி.எம். சாதிச் சான்று மாநிலத்துக்கானது. மத்திய அரசின் ஓபிசி சான்று தனி. உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் விண்ணப்பித்து வாங்க வேண்டும். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

நெட் தேர்வில் மிக நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. இந்தத் தொகை இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கும் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கும் ஒன்றுதான். சிறுபான்மை மாணவர்களுக்கென்று இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி ஆராய்ச்சிக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் உண்டு. இனி ஆராய்ச்சிக்குப் போக நினைக்கிறவர்கள் ஜே.ஆர்.எஃப்.ஐக் குறி வைத்தே படிக்க வேண்டும். எம்.ஏ. முதல் வருடத்தின் முதல் மாதத்திலிருந்தே தயாராக வேண்டும்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரிகளில் நிரந்தர நியமனம் அடிக்கடி நடப்பதில்லை. தகுதி எல்லாம் இருந்தும் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் இன்னும் குறைவு. கல்லூரி வேலை ஒன்றை மட்டுமே நம்பி எம்.ஏ. சேர்வது நிச்சயமில்லாத காரியம். பி.எட்.டும் கையில் இருந்தால் ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

எம்.ஏ. தேவைப்படாத இடங்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு ஒரு பட்டம் போதும். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும். அந்தத் தேர்வுதான் நோக்கம் என்றால் இரண்டு வருடத்தை எம்.ஏ.வில் போடாமல் நேராகத் தயாரிப்பில் போடுவது நல்லது.

"எனக்கு எழுத்தாளராக வேண்டும், அதனால் எம்.ஏ." என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மாஷா அல்லாஹ், நல்ல ஆசை. ஆனால் அதற்குப் பட்டம் நிபந்தனை இல்லை. 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற தோப்பில் முகமது மீரான் அவர்கள் நம் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர்கள். பள்ளியில் படித்தது மலையாள வழியில். இன்னொரு பக்கம், கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் மதுரையில் தமிழ் முதுகலை படித்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்கள். 1999ல் விருது பெற்றார்கள். 2006ல் விருது பெற்ற மு. மேத்தா அவர்களும் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்கள். எழுதுவதற்குப் பட்டம் வேண்டாம், கற்பிப்பதற்குப் பட்டம் வேண்டும். பிள்ளை எதை விரும்புகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு

ஆலிம் பட்டம் பெற்ற இளைஞர்கள் அரபியில் எம்.ஏ. படிக்க விரும்புவது அதிகமாகி வருகிறது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மதரஸாவுக்குப் போய், பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை இல்லாத பட்டத்தைத் தமிழக அரசு தன் வேலைகளுக்கு ஏற்பதில்லை. 2009லேயே இதற்கு அரசாணை வந்துவிட்டது. அதன் மேல் எத்தனை எம்.ஏ. வாங்கினாலும் அரசு வேலைக்கு அடித்தளம் இருக்காது.

ஆகவே மதரஸாவில் ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தனித்தேர்வராகவாவது பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அரசுத் தேர்வில் தேறிவிட வேண்டும். உஸ்தாதுமார்களும் பெற்றோரும் இதை வற்புறுத்த வேண்டுகிறேன். சில மதரஸாக்களின் ஸனதை வைத்துச் சேர்க்கை தரும் பல்கலைக்கழகங்கள் வடக்கே இருக்கின்றன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மதரஸா மாணவர்களுக்கென்றே 2013 முதல் இணைப்புப் படிப்பு ஒன்று நடக்கிறது. ஆனால் எந்த மதரஸாவின் ஸனதை ஏற்கிறார்கள் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறும். பட்டியலில் நம் மதரஸாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரயில் ஏற வேண்டும்.

எங்கே படிப்பது?

முதலில் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போம். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் திருநெல்வேலி இருக்கிறது. பேட்டைக்கு அப்பால் அபிஷேகப்பட்டியில் 1990ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பாளையங்கோட்டையில் நம் சமுதாயப் பெரியவர்கள் 1971ல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி, நூற்றாண்டு கண்ட தூய சவேரியார் கல்லூரி, பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி. திருநெல்வேலியில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி. குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி. எந்தக் கல்லூரியில் எந்த முதுகலை இந்த வருடம் நடக்கிறது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். கேட்கும்போது "இது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" என்பதையும் கேளுங்கள். ஒரே கல்லூரியில் ஒரே பாடத்துக்கு இரண்டு பிரிவிலும் கட்டணம் வேறு வேறாக இருக்கும். அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகவும் குறைவு. அவற்றுக்கு விண்ணப்பம் இணையத்தில் மொத்தமாக நடக்கிறது.

அடுத்தது, விடுதியில் தங்கிப் படிக்கும் இடங்கள். நம் ஊரிலிருந்து நேர் ரயில் போகும் மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சியில் 1951ல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் அதே வருடம் தொடங்கிய புதுக்கல்லூரியும் அரபி படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுவுக்கென்று தனித் துறையே இருக்கிறது.

மூன்றாவது, மத்தியப் பல்கலைக்கழகங்கள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தமிழ், ஆங்கிலம் இரண்டும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், டெல்லியில் ஜாமியா மில்லியா, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஆங்கிலமும் அரபியும் உண்டு. தனியார் கல்லூரிகளை விட இங்கே கட்டணம் குறைவு, நூலகம் பெரிது, நெட் தேர்வுக்குத் தயாராகும் சூழல் நன்றாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு சி.யு.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு மார்ச் மாத வாக்கில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் ஒரு வருடம் போய்விடும். இந்த வருடம் பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் இதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகத் தொலைநிலைக் கல்வி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவை வழியாகக் குறைந்த செலவில் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முறையாகப் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தப் பாடத்துக்கு அந்த வருடம் யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கும், நிக்காஹ் முடிந்து குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் இது நல்ல வழி. ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு மட்டும், முடிந்தவரை ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து படிப்பதே சிறந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்து இதுதான். பி.எட். முடித்துப் பள்ளி வேலைக்குப் போக வேண்டும் என்றால் பக்கத்துக் கல்லூரியே போதும். மிச்சமாகும் பணம் பி.எட்.டுக்கு உதவும். ஆராய்ச்சி, கல்லூரி வேலை என்றால் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு முயலுங்கள். இந்த இரண்டும் இல்லாமல், பெயருக்காகத் தூரத்தில் அதிகக் கட்டணம் கட்டிச் சேர வேண்டாம். இலக்கிய எம்.ஏ.வுக்கு வட்டிக் கடன் வாங்கவே வேண்டாம். ஹராம் என்பது ஒரு பக்கம், அதை அடைக்கும் அளவுக்கு முதல் சில வருடச் சம்பளமும் வராது. அரசு உதவித்தொகை அறிவிப்புகளும் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடும், எம்.ஏ.வுக்கு வராது. வரும் என்று எண்ணி பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

இலக்கியம் கேட்டு வருபவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். "மாப்பிள்ளை பார்க்கும் வரை படிக்கட்டும்" என்று சில வீடுகளில் சேர்க்கிறார்கள். பாதியில் நிக்காஹ் வந்தால் படிப்பு நின்றுவிடுகிறது, கட்டிய பணமும் பிள்ளையின் உழைப்பும் வீணாகின்றன. சேர்க்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி, பரீட்சை முடியும் வரை படிப்பைத் தொடர்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல குடும்பத்தார் ஏற்றுக்கொள்வார்கள். பள்ளி ஆசிரியை வேலை ஊர் மாறினாலும் கூடவே வரும் தகுதி. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலும், சோதனையான காலங்களிலும் அந்தத் தகுதி எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம்.

நமக்கென்று கிடக்கும் வேலை

இலங்கையில் பாணந்துறையைச் சேர்ந்த ம. முகமது உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலைப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி. அது 1953ல் ஆங்கில நூலாக வந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று பேராசிரியர் பதவி வந்தபோது அதில் அமர்ந்தவர்களும் அவர்கள்தான். பி.மு. அஜ்மல்கான் அவர்களோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். ஒருவர் எம்.ஏ.வுக்கு எடுத்த தலைப்பு ஒரு சமுதாயத்தின் இலக்கியத்துக்கே வரலாறு தந்தது.

அந்த வேலை முடிந்துவிடவில்லை. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஆயிரம் மசலா' நம்மிடம் இருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தைத் தந்த உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம் கோவில்பட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வி நூல்கள் பழைய வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. நம் பாட்டிமார் ஓதிய நூல்கள் அவை. ரோனித் ரிச்சி என்ற வெளிநாட்டு ஆய்வாளர் தமிழ் 'ஆயிரம் மசலா'வை ஜாவானிய, மலாய் மொழி நூல்களோடு ஒப்பிட்டு 2011ல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அரபு எழுத்தும் தமிழும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதில் முதல் அடி ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று. மக்தபில் ஓதிவிட்டு பி.ஏ. தமிழ் படித்த பிள்ளை, ஆலிம் படித்துவிட்டுத் தமிழில் ஆர்வம் உள்ள பிள்ளை இருவருமே இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். எல்லாரும் இதற்குப் போக முடியாது. ஊருக்கு ஒருவர் போனாலும் போதும்.

அறக்கட்டளை எடுத்த முடிவு

இலக்கிய முதுகலைக்கும் கல்வி உதவி தருவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. விண்ணப்பத்தோடு பிள்ளை தன் கையால் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எம்.ஏ.வுக்குப் பிறகு பி.எட்.டா, நெட்டா, வேறு எதுவா, அதை எந்த வருடம் முடிப்பது, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் வீட்டால் எவ்வளவு முடியும் என்று அதில் இருக்க வேண்டும். அத்தாவோ அம்மாவோ அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். உதவி ஒவ்வொரு பருவத் தேர்வுக்குப் பிறகும் தவணையாக வழங்கப்படும். ஜகாத் நிதியிலிருந்து தருவது அதற்குத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பொது நன்கொடை நிதியிலிருந்து.

கல்லூரி மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, தமிழ் வழிச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாங்கள் நிரப்பித் தருகிறோம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். படிக்கப் போவது அவர்கள்தான், அவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்